கழிவு போக ஐம்பத்து மூன்றரை

தம்பிதுரைக்கு ஊரின் மேல் ஆறு வருடமாக ஒரு கோபம். அவர் ஒரு தப்பு செய்தார். செய்த அடுத்த நிமிடமே, அத்தனை பேர் முன்னாலும், தப்பு செய்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னார். ஒரே ஒருவனைத் தவிர எவனும் நம்பவில்லை. பொய் சொன்னால் தலையாட்டுகிற ஜனம், உள்ளதைச் சொன்னால் பல்லைக் காட்டுகிறது.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் அவர் எடைக்காரர். பஞ்சுப் பேல் வந்தால் தராசு மேடையில் ஏற்றி, தண்டில் குண்டை நகர்த்தி, எடையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பேலைச் சுற்றிய சாக்குக்கும் இரும்புப் பட்டைக்கும் ஒன்றரைக் கிலோ கழிவு. கண் பார்ப்பதும் மனசு கழிப்பதும் வாய் சொல்வதும் ஒரே மூச்சு. இருபது வருடப் பழக்கம்.

அங்கே பேல் சுமந்தவன் திருமூர்த்தி. சென்னிமலைக்காரன். சுமை தூக்கி இறுகிய தோளோடு குத்துச்சண்டைக்குப் போனவன். பதக்கத்துக்கு ஆடுகிற ஆட்டமில்லை, காசுக்கு ஆடுவது. பஸ் முதலாளி வேங்கடசாமி அந்தப் பந்தயங்களை நடத்தினார்.

அந்த ஆட்டத்தில் எடை பார்த்துத்தான் சோடி சேர்ப்பார்கள். எல்லாம் பவுண்டுக் கணக்கு. நூற்றுப் பதினெட்டு ஒரு பிரிவு. அதற்குக் கீழே நூற்றுப் பதினைந்து, பன்னிரண்டு, எட்டு, ஐந்து என்று படி இறங்கும். சண்டைக்கு முதல் நாள் எடை. நூறு கிராம் கூடினாலும் இரண்டு மணி நேரம் தவணை, அதற்குள் குறைக்காவிட்டால் ஆட்டம் இல்லை. எடை பார்த்து முடித்த பிறகு எவ்வளவு தின்றாலும் கேள்வி கிடையாது. அதனால் எல்லோரும் உடம்பிலுள்ள தண்ணீரை வற்றவைத்துக் கீழ்ப்பிரிவில் நின்றுவிட்டு, மறுநாள் மூன்று நான்கு கிலோ ஏற்றிக்கொண்டு மேடையேறுவார்கள். நியாயத்துக்கு வைத்த ஏற்பாடு இந்த லட்சணத்தில் நடந்தது.

தொண்ணூற்று மூன்று சித்திரை. வேங்கடசாமி கொண்டுவந்த தராசு கெட்டுப்போகவே, மில் கிடங்குத் தராசில் ஆளை நிறுத்தினார்கள். திருமூர்த்திக்கு நூற்றுப் பதினெட்டுப் பிரிவு. ஐம்பத்து மூன்றரைக் கிலோ இருக்க வேண்டும். இருந்தது ஐம்பத்தாறு. தவணை கிடைத்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாய்லர் ஓரம் ஓடினான், எச்சிலைத் துப்பித் துப்பி வாயை வறட்டினான், தலையையும் மழித்தான்.

“இது போச்சுன்னா இனி என்னைய எவனுங்கண்ணா கூப்புடுவான்?” என்றபடி ஜட்டியோடு ஏறினான். தண்டு ஐம்பத்தைந்தில் நின்றது.

தம்பிதுரையின் வாய் சொன்னது: “அம்பத்து மூணரை!”

கைதட்டல் எழுந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. “இருங்க, இருங்க. பேலுன்னு நெனச்சுக் கழிவு போட்டுச் சொல்லிப்போட்டனுங்க. ஆளு அம்பத்தஞ்சு!”

எதிராளியின் பயிற்சிக்காரன் குனிந்து தண்டைப் பார்த்தான். சரியென்று தலையாட்டினான். தம்பிதுரையும் பார்த்தார். ஐம்பத்து மூன்றரை. குண்டை யாரும் தொடவில்லை. அவரும் தொடவில்லை.

“ஏனுங்க தம்பிதுரை, ஆளுக்கு ஏதுங்க சாக்குக் கழிவு? தோலை உரிச்சுப்போட்டீங்களா?” என்றார் வேங்கடசாமி. கிடங்கே சிரித்தது. திருமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் உடம்பைக் கட்டிக்கொண்டு இறங்கினான். அந்த வெயிலில் அவனுக்கு மயிர்க்கூச்செறிந்திருந்தது.

“குளுருதுங்கண்ணா” என்றான்.

அன்றைக்கு மூன்று தட்டு பிரியாணி தின்றான். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தான். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் காசு போட்டால் சீட்டு தரும் எடை மிஷினில் ஏறினான். சீட்டில் ஐம்பத்து மூன்றரை. சண்டையில் அவன் குத்து சத்தத்தோடு விழுந்தது. எதிராளியின் தலை மட்டும் அசையவில்லை. தோற்றான்.

அதன்பிறகு இறக்கம்தான். அந்த வருடம் தீபாவளிக்குள் நூற்றுப் பதினைந்து. அடுத்த வருடம் பன்னிரண்டு. அப்புறம் எட்டு. டாக்டர் ரத்தத்தைப் பார்த்தார், நெஞ்சைப் படமெடுத்தார், ஒரு குறையும் இல்லை என்றார். “படி எறங்க எறங்கப் புதுசு புதுசாச் சோடி கெடைக்குது” என்று வேங்கடசாமிக்குச் சந்தோஷம்.

திருமூர்த்தியின் மனைவி நாச்சியம்மாள் ஒருநாள் தம்பிதுரையைத் தேடி வந்தாள். “ஏனுங்கண்ணா, இவரு கட்டல்ல படுத்தா கயிறு சத்தமே போடறதில்லீங்க. ஆளு கெடக்குதா இல்லையான்னு கையை வச்சுப் பாத்துக்கறனுங்க.”

அவளிடம் தம்பிதுரை சொல்லாத ஒன்று இருந்தது. அந்த எடை நாளுக்கு மறுநாளிலிருந்து, வெறும் தராசு பூஜ்யத்தில் நிற்கவில்லை. ஒன்றரைக் கிலோ காட்டியது. மில் ஃபிட்டர் மூன்று தடவை சரிசெய்தான். விடிந்தால் பழையபடி. வருடம் ஏற ஏற அதுவும் ஏறியது. மூன்று, நான்கரை, ஆறு. மில்லில் புதுத் தராசு வாங்கி, பழையதைக் கிடங்கு மூலையில் தள்ளினார்கள். மேடைத் தகட்டில் கை வைத்தால் இரும்பின் குளிர்ச்சி இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

தொண்ணூற்றேழில் திருமூர்த்தி நூற்றைந்துக்கு வந்தான். நாற்பத்தேழரைக் கிலோ. அதற்குக் கீழே பிரிவு இல்லை. வேங்கடசாமி அவனைக் கூப்பிட ஆள் அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்.

தம்பிதுரை அவனைக் கிடங்குக்குக் கூட்டிவந்தார். ஆள் ஏறுமுன் வெறும் மேடை ஏழரை காட்டியது. அவன் ஏறினான். தண்டு ஐம்பத்தைந்தில் நின்றது.

“அம்பத்தஞ்சு!” என்று தம்பிதுரை தொண்டை கிழியக் கத்தினார். கழிக்காமல் சொன்னால் போனது திரும்பி வந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

“இங்க நிக்கறப்ப மட்டும் குளுரலீங்கண்ணா” என்றான் திருமூர்த்தி. ரொம்ப நேரம் இறங்காமல் நின்றான். இறங்கியதும் ஏழரை மேடையிலேயே நின்றுவிட்டது.

தொண்ணூற்றொன்பது மாசியில் படுக்கையில் விழுந்தான். தம்பிதுரை போனபோது ஜன்னல்களைச் சாத்தியிருந்தாள் நாச்சியம்மாள். காற்றடித்தால் போர்வையோடு அவனும் அசைகிறான் என்றாள். தம்பிதுரை கட்டில் ஓரம் உட்கார்ந்தார்.

“தப்பு என்னுதுதான் கண்ணு.”

“தெரியுமுங்கண்ணா. நீங்க வாயெடுத்துச் சொன்னப்பவே மேல இருந்து ஒண்ணை உருவுன மாதிரி இருந்துச்சு. அது தராசுலதான் கெடக்குது. எங்கயும் போகலை.”

மூச்சு வாங்கியது. அதோடே மீதியையும் சொன்னான்.

“என்னையத் தூக்கீட்டு மில்லு கேட்டு வழியாத்தான் போவீங்க. வாட்ச்மேன்கிட்டச் சொல்லித் தராசைக் கொண்டாந்து கேட்டுல போடச் சொல்லுங்க. பாடையை ஒரு நிமிசம் அதும்பக்கத்துல எறக்கி வச்சுப்போட்டு, எல்லாரும் தள்ளி நில்லுங்க. அது வந்து ஏறிக்கும். ஏறறப்ப நீங்க மட்டும் வாயைத் தொறந்து எடையைச் சொல்லிப்போடாதீங்கண்ணா.”