தரணேந்திரன் சார் வண்டியில் பொருத்திய வழிகாட்டி

“நைனா கெடச்சிட்டாரு அக்கா” என்று தரணேந்திரன் சாரின் மகள் போனில் சொன்னார். அந்தக் குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. முதல் நாள் காலையில் வீட்டை விட்டு நடந்து போனவரை ஊரே தேடிக்கொண்டிருந்தது. வல்லத்துக்கு அப்பால், மல்லாட்டை விதைத்திருந்த ஒரு கொல்லையின் வரப்பில் சரிந்து கிடந்தாராம். உயிர் இல்லை.

செஞ்சியை அடுத்த கால்நடை மருந்தகத்தில் சார் ஆய்வாளராக இருந்தார், நான் உதவியாளர். சினை ஊசி போடவும், கன்று ஈன முடியாமல் தவிக்கும் மாடுகளைப் பார்க்கவும் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போவார். யாரிடமும் வழி கேட்டதில்லை. மாட்டுக்காரர் பேரைச் சொன்னால் போதும், வீட்டு வாசலில் போய் நிற்பார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் கன்று ஈன முடியாத மாட்டைப் பார்க்கப் பனமலைக்குக் கிளம்பி, அனந்தபுரம் கடைத்தெருவைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். தாமதமாகப் போய்ச் சேர்ந்ததில் மாடு பிழைத்தது, கன்று பிழைக்கவில்லை. வண்டி பஞ்சர் என்று எங்களிடம் சொன்னார். டயரைக் கழற்றிய அடையாளமே இல்லை.

அடுத்த வாரம் வண்டியில் ஜி.பி.எஸ். கருவி வாங்கி மாட்டினார். மெக்கானிக்கை மருந்தகத்துக்கே வரவழைத்திருந்தார். ஹேண்டில்பாரில் கிளாம்பு முடுக்கி, பேட்டரியிலிருந்து சீட்டுக்கு அடியில் வயர் இழுத்து, மழை படாத உறைக்குள் அந்தச் சின்னத் திரையைப் பொருத்தும்வரை சார் பக்கத்திலேயே நின்றார். இந்தப் பக்கத்தில் உங்களுக்குத் தெரியாத வழியா என்று மெக்கானிக் சிரித்தார். சார் சிரிக்கவில்லை. மெக்கானிக் போன பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “தெரிஞ்ச வழிதாம்மா பயமா இருக்குது.”

ஊர்களை அதில் ஏற்றித் தரச் சொன்னார். எதை முதலில் போடட்டும் என்று கேட்டேன். “வீடு” என்றார்.

அன்றே அவர் மனைவியிடம் பேசினேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற சமணக் குடும்பம் அவர்களுடையது. சில வாரங்களாக அவர் இருட்டிய பிறகு வந்து, பட்டினியாகவே படுத்துவிடுகிறார் என்று அந்த அம்மா அழுதார்கள். புதுச்சேரிக்கு அழைத்துப்போய்க் காட்டினார்கள். மறதி நோய், இனிக் கூடிக்கொண்டுதான் போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வண்டி ஓட்ட வேண்டாம் என்று வீட்டில் கெஞ்சினார்கள். அதுதான் வழி சொல்கிறதே என்று சார் பிடிவாதமாக ஓட்டினார்.

கருவி கொஞ்ச காலம் அவரைக் காப்பாற்றியது. பிறகு ஒரு மதியம், ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு வெயிலில் நின்றவரை நான் பார்த்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் திரும்புங்கள் என்று கருவி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. சார் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னாம்மா சொல்லுது இது?”

நான் பதில் சொல்வதற்குள் அவரே சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்து என் கையில் வைத்தார். “இந்தக் கையால ஊசி மாத்திப் போட்டா மாடு செத்துப்பூடும். போதும்” என்றார். மறுநாளே விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை.

போன மாதம் மகள் அவரை மருந்தகத்துக்குக் கூட்டிவந்தார். என் பெயர் அவருக்கு நினைவில்லை. மகளை யாரோ என்று நினைத்து மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார். வேப்பமரத்தடியில், முறை வருவதற்காகக் கட்டிப்போட்டிருந்த ஒரு பசுவைப் பார்த்ததும் நேராக அதனிடம் போனார். காதடியில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“காய்ச்சல் அடிக்குது. மத்தது அப்புறம், மொதல்ல இதப் பாரும்மா.”

மகளின் போனை வைத்த பிறகு மனசுக்குள் அவரிடம் சொன்னேன்: பார்த்துட்டேன் சார். பசு பிழைச்சிடுச்சு. நீங்க கவலைப்படாம போய் வாங்க.