மூன்றாம் முறை விழுந்து வந்தவர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். அப்படியென்றால் என்னவென்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. "மசாஜ் பண்ற நர்சம்மா" என்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கீழே விழுந்து கேஷுவாலிட்டிக்கு வரும் வயதானவர்களை நடக்க வைத்துப் பார்த்து, வீட்டுக்கு அனுப்பலாமா, படுக்கையில் சேர்க்கலாமா என்று சொல்வது என் வேலை. காலையில் ஸ்ட்ரெச்சர் சத்தம் கேட்டாலே காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவேன். அத்தனை பிடிக்கும்.

பாகலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஒரே மாதத்தில் இரண்டு முறை தலைசுற்றி விழுந்து வந்தார். இரண்டு முறையும் நடக்க வைத்தேன், படி ஏற வைத்தேன், நாற்காலியில் உட்கார்ந்து எழ வைத்தேன். ஜம்மென்று செய்தார். கையில் ஒரு தடியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். எனக்கு நானே சபாஷ் வேறு போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது முறையும் விழுந்து வந்தார்.

டியூட்டி டாக்டர் என்னைப் பார்த்து, "போதும்மா. அடுத்த தடவை இடுப்பு எலும்பு போயிடும். பெட்ல போட்டுடலாம்" என்றார். அந்த வயதில் மாதக்கணக்கில் படுக்கப் போட்டால் அப்புறம் எழுந்திருப்பது ஏது? பெரியவரைப் பற்றிய பயமும் என்மேலேயே ஆத்திரமும் சேர்ந்துகொண்டன. "சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார்" என்றேன்.

மறுபடி நடக்க வைத்தேன். திரும்பும்போது தடி கைதவறி விழுந்தது. எடுக்கக் குனிந்தவரின் முட்டி பாதி மடங்கியதும் நின்றுவிட்டது. முகம் சுருங்கிப்போனது. எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. நாற்காலியையும் படியையும் சோதித்தேனே, இந்த ஊரில் எந்த வீட்டுக் கொல்லையில் நாற்காலி போட்டிருக்கிறது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது என்னைத்தான்.

கூட வந்த மகனை டீ வாங்க அனுப்பிவிட்டுக் கேட்டேன். "பெரியவரே, காலையில வெளிக்கு எப்படிப் போறீங்க?"

மகன் போய்விட்டானா என்று வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார். "குந்த முடியலம்மா. குந்துனா எந்திரிக்க முடியல."

"அப்புறம்?"

"சாப்பிட்டாத்தானே போகணும்?"

பசியும் தாகமும்தான் தினம் தினம் அவரைத் தள்ளிவிட்டிருக்கின்றன. "வீட்ல சொல்லலாம் இல்ல?" என்றேன். "மருமவ கிட்ட இதப் போயி சொல்றதா? பையன் ரெண்டு ஷிப்ட் பாக்கறான், அவனுக்கு ஏன் தொந்தரவு."

டாக்டரிடம் ஓடினேன். நடக்கவெல்லாம் பொறுமை இல்லை. ஒரே மூச்சில் சொன்னதைக் கேட்டு அவரே எழுந்து வந்தார். சலைன் ஏற்றினார்கள். மதியத்துக்குள் பெரியவருக்கு முகத்தில் களை வந்துவிட்டது.

மகன் ஒரு கம்பெனியில் வெல்டர். விஷயத்தைச் சொன்னதும், "இதுக்கா நைனா..." என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஓ.பி. சீட்டின் பின்பக்கம் நான் படம் வரைந்தேன். இரும்புக் குழாயில் நாலு கால், இரண்டு கைப்பிடி, உட்காரும் இடத்தில் பெரிய ஓட்டை. வாங்கிக்கொண்டு பறந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு சைக்கிள் கேரியரில் நாற்காலியோடு வந்து நின்றார்.

கேஷுவாலிட்டி நடுவிலேயே ஒத்திகை நடந்தது. பெரியவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கைப்பிடியை அழுத்தி எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். நான் கை தட்டிவிட்டேன், வெட்கமே இல்லாமல். டாக்டர் சிரித்துக்கொண்டே டிஸ்சார்ஜ் எழுதினார்.

பெரியவர் மகன் பக்கம் திரும்பினார்.

"வீட்ல இன்னிக்கி என்ன கொழம்பு?"

"அவரக்கொட்ட, நைனா."

"எனக்கு ரெண்டு உருண்ட களி போடச் சொல்லு."