மொம்பாசா கோட்டையைக் கட்டிய என் மாமனார்

என் மாமனார் ஆரணியில் பட்டுச் சேலை வியாபாரி. ‘தெரியாது’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. என் கணவருக்கு ஆப்பிரிக்காவில் மொம்பாசா துறைமுகத்தில் வேலை கிடைத்து நாங்கள் அங்கே குடியேறிய மறுவருடம், எங்களைப் பார்க்க வந்து இறங்கினார்.

நகரத்தின் நடுவே சாலைக்குக் குறுக்காக நிற்கும் பிரம்மாண்டமான யானைத் தந்தங்களை முதலில் காட்டினோம். இங்கிலாந்து அரச குடும்பத்தை வரவேற்க ஒரு காலத்தில் வைத்தவை.

“எம்மாம் பெரிய யானையா இருந்திருக்கும்!” என்றார்.

“அலுமினியம் மாமா.”

“அப்படின்னு சொல்லி வெச்சிருப்பாங்க. இல்லனா ராத்திரியோட ராத்திரியா அறுத்துகினு பூட மாட்டானா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவருக்கு அவசர வேலை வந்தது. அப்பாவைக் கோட்டைக்கு அழைத்துப்போகும் நாட்களில் அவருக்கு அவசர வேலை வரும். நானே கூட்டிப்போனேன். எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி அந்த ஊர்க்காரர், நடுவயது, பொறுமைசாலி. போர்த்துகீசியர் பவளப்பாறையை வெட்டிக் கட்டியது, ஓமான் அரபிகள் நெடுநாள் முற்றுகையிட்டுப் பிடித்தது, ஆங்கிலேயர் சிறைச்சாலையாக்கியது என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். நான் தமிழில் சொல்லித் திரும்பினால் மாமனாரைக் காணோம்.

பீரங்கிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வழிகாட்டி வைத்துக்கொள்ளாத ஒரு சென்னைக் குடும்பம் அவரைச் சூழ்ந்திருந்தது.

“இது நம்ம ஆற்காட்டு நவாபோட சொந்தக்காரரு கட்டுனதுங்க. வெள்ளக்காரன் வந்து பேரை மாத்திட்டான்.”

குடும்பத் தலைவர் பயபக்தியோடு தலையாட்டினார். அவர் மனைவி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொல்கிறார்?” என்று வழிகாட்டி கேட்டார். நல்ல மருமகள் மழுப்பியிருப்பாள். நான் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். அவர் கோபப்படவில்லை. “ஆதாரம் இருக்கிறதா என்று கேளுங்கள்” என்றார்.

மாமனார் அசரவில்லை. “கடைக்கு இவங்க பாஷையில இன்னா? கேளும்மா.”

“டுக்கா” என்றார் வழிகாட்டி.

“எங்க ஊர் பாய்ங்க துக்கான்னு சொல்வாங்க. உலகத்துக்கு?”

“டுனியா.”

“துனியா! சேதிக்கு?”

“ஹபாரி.”

“கபர்! பாத்தீங்களா?”

சென்னைக் குடும்பம் கைதட்டியது. அரபு, பாரசீகச் சொற்கள் கப்பலேறி இந்தக் கரைக்கும் வந்தன, உங்கள் பக்கமும் போயின என்று வழிகாட்டி அழகாக விளக்கினார். அதையும் தமிழில் சொன்னேன்.

“அதைத்தானேம்மா நானும் சொல்லிகினு இருக்கேன்!” என்றார் மாமனார். சென்னைக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிறகு வழிகாட்டியே எங்களைப் பழைய நகரத்துச் சந்துகளுக்குள் அழைத்துப்போனார். பூவும் கொடியும் செதுக்கிய கதவுகள், பள்ளிவாசல், நடந்துபோகிற தூரத்தில் ஒரு கோயில். மாமனாரும் அவரும் எதையும் பார்க்கவில்லை. ஒரு கடை வாசலில் உட்கார்ந்து இஞ்சி போட்ட காபியை வைத்துக்கொண்டு, சோப்புக்கு ‘சாபூன்’, ‘சபுனி’, நிறத்துக்கு ‘ரங்கு’, ‘ரங்கி’ என்று மாற்றி மாற்றிச் சொல்லித் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். மாமனார் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. மொழிபெயர்ப்பாளர் வேலை போய்விட்டதால் நான் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன விடுமுறைக்கு ஆரணி வந்தேன். கல்யாணச் சேலை எடுக்க தேவிகாபுரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் கடையில் உட்கார்ந்திருந்தது. சேலை இன்னும் பிரிக்கப்படவில்லை. மாமனாரின் மொம்பாசாக் கதையில் முற்றுகை நடந்துகொண்டிருந்தது.

“ஜல்தியா காட்டுங்க, பஸ்ஸு பூடும்” என்றார் பெண்ணின் அம்மா.

“இருங்க. அந்தக் கோட்டையைக் கட்டுனவரு யாரு தெரியுமா? நம்ம ஆரணிக்காரரு.”

“மாமா, அவர் ஆற்காடுன்னுதானே அன்னைக்குச் சொன்னீங்க?” என்றேன்.

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நீ அந்த ஊர்லயே இருக்கிற. உனக்கு இன்னாம்மா தெரியும்?”