குளிராத ஃபிரிட்ஜும் ரோஜா நிறக் காளானும்

பகல் முழுக்கத் துணியிலிருந்து கறை எடுக்கிற ஒருத்தி, வீட்டுக்கு வந்து தட்டுத் தட்டாகப் பூஞ்சை வளர்க்கிறாள் என்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். டிரைகிளீனிங் கடையில் கூட வேலை செய்கிறவர்கள் சிரித்து ஓய்ந்துபோய், அவளுக்குக் காளானக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏதாவது சட்டையின் காலரில் பழுப்பேறியிருந்தால், "காளானக்கா, இதுல என்னமோ முளைச்சிருக்கு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா?" என்பார்கள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஆளு இல்ல, வெறும் காப்பிக் கறை" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் திருப்பிக் கொடுப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையல் முடிந்து பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, சமையலறை அவளுடைய ராஜ்ஜியம். உருளைக்கிழங்கை வேகவைத்து, அந்தத் தண்ணீரை மட்டும் வடிகட்டி எடுத்து, கொஞ்சம் சர்க்கரையும் அகர் என்கிற கடற்பாசித் தூளும் கலந்து பாட்டிலில் ஊற்றி, பாட்டிலோடு பிரஷர் குக்கரில் வைத்து அவிப்பாள். வெந்த கிழங்கு மாமனாருக்கு. அதற்காகவே அவர் ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்துக் கிடப்பார். குக்கர் இறங்கியதும் வீட்டில் ஊரடங்கு அமலுக்கு வந்துவிடும். மின்விசிறி சுற்றக்கூடாது, ஜன்னல் திறக்கக்கூடாது, குறுக்கே யாரும் நடக்கக்கூடாது. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிற வேறு பூஞ்சை ஒரு துளி உள்ளே விழுந்தாலும் போச்சு, தட்டு பச்சை பூத்துக் குப்பைக்குப் போய்விடும்.

இரண்டு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் கைகளை விட்டு, உள்ளே வரிசையாக வைத்த கண்ணாடித் தட்டுகளில் ஒவ்வொன்றாக ஊற்றி மூடுவாள். பாட்டிலைப் பிடித்தால் சுட வேண்டும், ஆனால் கீழே போட்டுவிடத் தோன்றக்கூடாது, அதுதான் பதம். அதைவிடச் சூடாக ஊற்றினால் மூடியெல்லாம் வேர்த்துவிடும், ஆறவிட்டால் கட்டி கட்டியாக விழும். ஊற்றியது இறுகியதும் காளான் இழையில் ஒரு துண்டை நடுவில் வைத்து, விளிம்பைச் சுற்றி ஒட்டுத்தாள் ஒட்டிவிடுவாள். இழை வெள்ளையாகப் பரவியதும் தட்டு ஃபிரிட்ஜுக்குள் போகும், அதுவும் தலைகீழாக. நேராக வைத்தால் மூடியில் கோக்கிற தண்ணீர் சொட்டி இழையைக் கெடுத்துவிடும். பெயரையும் அவள் மூடியில் எழுதமாட்டாள், தட்டின் அடியில்தான் எழுதுவாள். மூடி மாறினால் ஆளே மாறிப்போகும் என்பது அவள் கட்சி.

இந்த ஊரடங்கில் அதிகம் அவதிப்பட்டவர் அவள் கணவர். ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவள் பாட்டிலைச் சாய்க்கிற நேரம் பார்த்து அவருக்குத் தும்மல் வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவரைக்கும் ஓடுவார். திரும்பி வந்து, "ஆபரேஷன் முடிஞ்சுதா டாக்டர்? பேஷன்ட் பொழைச்சிக்கிச்சா?" என்பார். அவளும் கூடச் சிரித்துக்கொள்வாள்தான். ஆனால் தான் இவ்வளவு பாடுபட்டுச் செய்வதை இந்த மனுஷன் விளையாட்டு என்றுதானே நினைக்கிறார் என்று உள்ளுக்குள் ஒரு வருத்தம் இருந்தது.

திருப்பி அடிக்க அவளுக்கும் ஓர் ஆயுதம் இருந்தது. அதுதான் வீட்டு ஃபிரிட்ஜ். ஊர் ஃபிரிட்ஜையெல்லாம் சரிசெய்கிறவர் வீட்டில் ஃபிரிட்ஜ் ஒழுங்காக இருக்குமா? கதவு ஒரு வீட்டில் கழித்துப் போட்டது, உள்தட்டுகள் இன்னொரு வீட்டுடையவை, கம்ப்ரஸர் எந்தக் காலத்ததோ. நாளெல்லாம் உறுமும், குளிர மட்டும் குளிராது. தண்ணீர் பாட்டிலை எடுத்தால் மர நிழலில் வைத்திருந்த மாதிரி இருக்கும். "உள்ள லைட் எரியுதேன்னுதான் இதை ஃபிரிட்ஜுங்கறோம். இல்லேன்னா இது பீரோதான்" என்பாள் அவள். "அடுத்த வாரம் பாத்துடலாம்" என்பார் அவர். அந்த அடுத்த வாரம் வருஷக்கணக்கில் வரவே இல்லை.

அந்த பீரோவுக்குள்தான் அவள் உயிர் இருந்தது. டிரைகிளீனிங் கடையின் பின்பக்கம் மதிலோரமாக ஒரு மரக்கட்டை மட்கிக் கிடந்தது. ஒரு மழைநாள் காலையில் அதன்மேல் ரோஜா நிறத்தில் சிப்பிக் காளான் கொத்தாகப் பூத்திருந்தது. அவள் ஒன்றைப் பறித்து வந்து, இரண்டாகப் பிளந்து, உள்சதையில் கிள்ளித் தட்டில் வைத்தாள். பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளில் முதலாளியம்மா வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று கட்டையை அப்புறப்படுத்திவிட்டார். ஆக, அந்தக் காளான் மிச்சமிருந்தது அவள் தட்டுகளில் மட்டும்தான். பழைய தட்டு காய்வதற்குள் புதுத் தட்டுக்கு மாற்றி மாற்றி, இரண்டு வருஷமாக அதைக் காப்பாற்றி வந்தாள். மற்ற காளானெல்லாம் யார் யாரோ கொடுத்தவை. இது ஒன்றுதான் அவளே கண்டெடுத்தது. தட்டின் அடியில் "ரோசா" என்று எழுதி வைத்திருந்தாள்.

வீட்டில் காளான் வளர்க்கிறவர்கள் மாதத்துக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூடுவார்கள். செடி நர்சரி வைத்திருக்கிற ஓர் அண்ணன்தான் அதை நடத்துகிறவர். அங்கே அவள் இதுவரைக்கும் வாங்கிக்கொண்டு வந்தவளே தவிர, யாருக்கும் ஒன்றும் கொடுத்தவள் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு ரோசா தட்டு கொண்டுவருகிறேன் என்று ஒரு கூட்டத்தில் முதல்தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். சொல்லும்போதே பெருமையில் காது சூடாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ரோசா தட்டுகளில் ஒன்றைக் காணோம். அவள் கண் நேராக மாமனார் மேல் போனது. அதற்குக் காரணம் இருந்தது. முன்பொரு தடவை அவர் அகர் தட்டு ஒன்றைத் தின்பண்டம் என்று நினைத்து, ஸ்பூன் போட்டு வழித்துச் சாப்பிட்டுவிட்டார். நல்லவேளை, அது காளான் வைக்காத வெறும் தட்டு. "வழுவழுன்னு நல்லாத்தான்மா இருந்துச்சு, இனிப்புதான் பத்தல" என்று அபிப்பிராயம் வேறு சொன்னார்.

"மாமா, உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள்.

"ஒரு தடவை தின்னதுக்கு ஆயுசுக்கும் நான் திருடனாம்மா?" என்று அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கணவர் அவசரமாகத் தன் ரிப்பேர் கடைக்குக் கிளம்பிவிட்டார். மாமனார்தான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

அந்த வாரம்தான், வராத அந்த அடுத்த வாரம் வந்தது. அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் ஃபிரிட்ஜ் உறுமல் இல்லாமல் சாதுவாக நிற்கிறது. பக்கத்தில் கணவர், கையெல்லாம் கிரீஸ்.

"தொறந்து பாரு" என்றார்.

திறந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. பால் பாத்திரத்தின் ஓரமெல்லாம் ஐஸ் கட்டியிருந்தது. "கூட்டத்துக்கு நெறைய தட்டு போடணும்னு சொன்னல்ல? அதான். கம்ப்ரஸர் புதுசு, கதவு ரப்பர் புதுசு. ஃபுல்லா வெச்சிருக்கேன்" என்றார் அவர். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன ஒன்றை அவளுடைய தட்டுகளுக்காகச் செய்திருக்கிறாரே என்று இருந்தது. ரோசா தட்டுகளை அவளே தன் கையால், குளிர் நன்றாக வருகிற இடமாகப் பார்த்து மேல்தட்டுக்கு மாற்றினாள். தலைகீழாகத்தான் அடுக்கினாள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

கூட்டம் நெருங்கியது. புதுத் தட்டுகளை ஊற்றி, ஃபிரிட்ஜிலிருந்த பழைய தட்டுகளிலிருந்து இழையை வெட்டி வைத்தாள். வெள்ளைச் சிப்பிக் காளான் எப்போதும் போலப் பஞ்சாகப் பரவியது. ரோசா அசையவே இல்லை. இன்னொரு தட்டிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அதுவும் அப்படியே கிடந்தது. எல்லாத் தட்டையும் பார்த்துவிட்டு நர்சரி அண்ணனுக்கு ஃபோன் போட்டாள்.

"அதைப் போய் ஃபிரிட்ஜுல வெச்சீங்களா? அந்தக் காளான் குளிர் தாங்காதேம்மா, செத்துப்போயிடுமே" என்றார் அவர்.

"ரெண்டு வருஷமா அதே ஃபிரிட்ஜுலதாண்ணே வெச்சிருந்தேன்."

"அப்படின்னா அது ஃபிரிட்ஜே இல்லம்மா" என்றார்.

ஃபோனை வைத்த பிறகு அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் கடைசியில் ஜெயித்தது. இதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது? அவரோ வீட்டுக்கு யார் வந்தாலும் ஐஸ் தண்ணீர் கொடுத்து உபசரித்துக்கொண்டிருந்தார். தபால்காரர் பல் கூசித் தவித்ததைப் பார்த்து அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் வாயை மூடிக்கொண்டாள். கடையிலும் யாராவது கறையைக் காட்டிக் கேலி பேசினால் வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்க்காமல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க?" என்று கடைசியில் அவரே கேட்டார். "ஃபிரிட்ஜ் சரியில்லையா?"

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "உங்க மேல தப்பில்லங்க. நான்தான் நச்சரிச்சு நச்சரிச்சு வாங்கிக்கிட்டேன்" என்றும் சொன்னாள். அவர் ஃபிரிட்ஜ் கதவை ஒரு தடவை திறந்து மூடினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று அவள் நினைத்தாள்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு துண்டு, துண்டுக்குள் ஒரு தட்டு. காணாமல் போன ரோசா. தலைகீழாகவே பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"கடையில வெச்சிருந்தேன்" என்றார்.

"எதுக்கு?"

"சும்மாதான். வர்றவங்ககிட்ட காட்டலாம்னு."

"ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்திருக்கலாம்ல?"

"கேட்டா நீ குடுத்திருக்கமாட்ட."

அது உண்மைதான். உள்ளேயிருந்து டிவி சத்தம் குறைந்தது. "திருடன் யாருன்னு இப்பவாவது தெரிஞ்சுதா?" என்றார் மாமனார். அவள் அவரிடம் போய், "மன்னிச்சிடுங்க மாமா" என்றாள். "ஞாயித்துக்கிழமை கிழங்கைக் கொஞ்சம் கூடப் போடு, மன்னிக்கிறேன்" என்றார் அவர்.

தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓர் ஓரத்தில் பச்சைப் பூஞ்சை உட்கார்ந்திருந்தது. கடையில் யாரோ வாடிக்கையாளர் மோந்து பார்க்கிறேன் என்று மூடியைத் திறந்துவிட்டாராம். ஆனால் எதிர்ப்பக்க விளிம்பில், அந்தப் பச்சை எட்டாத இடத்தில், இளஞ்சிவப்புச் சாயலோடு இழை நகர்ந்துகொண்டிருந்தது. உயிர் இருந்தது. அன்றைக்கு ஊரடங்கை அவள் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. மாமனாரே டிவியை அணைத்தார். கணவர் மின்விசிறியை நிறுத்திவிட்டு, தும்மல் வருவதற்கு முன்பே தெருவில் போய் நின்றுகொண்டார். அவள் கத்தியை நெருப்பில் பழுக்கக் காட்டி, ஆறவிட்டு, அந்த விளிம்பில் அரிசி அளவு வெட்டிப் புதுத் தட்டுக்கு மாற்றினாள். அந்தத் துண்டு விழ வேண்டிய இடத்தில் விழுந்தது.

அந்த மாதக் கூட்டத்துக்கு வெறுங்கையோடுதான் போனாள். நடந்ததைச் சொன்னதும் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். அதற்குள் வீட்டில் புதுத் தட்டில் ரோசா பச்சை இல்லாமல் சுத்தமாகப் பரவிவிட்டிருந்தது. அதிலிருந்து இன்னும் சில தட்டுகள், அவற்றிலிருந்து இன்னும் சில. அடுத்த கூட்டத்தில் ஆளுக்கொன்று கொடுத்தாள். கொடுத்ததுபோக மிச்சத்தை எங்கே வைப்பது? வீட்டு ஃபிரிட்ஜில் முடியாது. "கடைக்குக் கொண்டா, எடம் பாத்துக்கலாம்" என்றார் கணவர்.

அவள் அந்தக் கடைக்கு அதிகம் போனதில்லை. தட்டுகளோடு அவள் உள்ளே நுழைந்ததும், ஏதோ வேலைக்காகக் காத்திருந்த ஓர் ஆள் சட்டென்று எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"நீங்கதானே அந்தக் காளானைக் கண்டுபிடிச்சவங்க? உக்காருங்கம்மா. எப்ப வந்தாலும் இவருக்கு உங்க பேச்சுத்தான். 'என் வீட்டுக்காரிக்கு இருக்கிற கைச்சுத்தம் எந்த டாக்டருக்கும் வராது'ம்பாரு. நான் ஒரு தடவை அந்தத் தட்டை நேராத் திருப்பிட்டேன்னு அவரு என்னைத் திட்டாத திட்டு இல்ல" என்றார்.

அவள் கணவரைத் தேடினாள். அவர் ஒரு பெரிய ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டிருந்தார். வெளியே எடுக்கிற உத்தேசமே இல்லை போலிருந்தது. காது மட்டும் தெரிந்தது, அது சிவந்திருந்தது. இத்தனை நாளாக உள்ளுக்குள் வைத்திருந்த வருத்தம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

மூலையில் ஒரு பழைய சின்ன ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டு நின்றது. திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். மர நிழலில் இருக்கிற மாதிரி இருந்தது.

"இது யாரோடதுங்க?"

"விட்டுட்டுப் போனவங்க திரும்பி வரவே இல்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கேஸ் கம்மியா இருக்கு. அடுத்த வாரம் சரி பண்ணிடுறேன்."

அவள் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தலைகீழாக அடுக்கி, கதவை மெல்லச் சாத்தினாள்.

"ஆமாங்க, அடுத்த வாரமே பாத்துக்கலாம்" என்றாள்.