சிவப்பு மூடியும் வெள்ளை மூடியும்

1993இல் பார்வதத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னப் பட்டறையில் போல்ட் பார்க்கும் வேலை. லேத்திலிருந்து இறங்கும் போல்ட்டுகளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நட்டை ஓட்டிப் பார்க்க வேண்டும். மரை ஒழுங்காக இருந்தால் நட்டு வழுக்கிக்கொண்டு போகும். இல்லாவிட்டால் ஓரிடத்தில் அடம்பிடித்து நின்றுவிடும். பதினேழு வருஷப் பழக்கத்தில் பார்வதம் நட்டை எடுக்காமலே, கட்டைவிரலால் தடவியே கெட்டதைத் தனியாகத் தூக்கிப் போட்டுவிடுவாள்.

விரலில் ஒரு குறையும் இல்லை. முட்டிதான் மக்கர் பண்ணியது. நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்தால் வலது முட்டி பிடித்துக்கொள்ளும். சுவரைப் பிடித்து, மூன்றாவது முயற்சியில்தான் நிமிர்வாள். ஒரு சாயங்காலம் திருமுல்லைவாயில் பஸ்ஸில் ஏற முடியாமல் அவள் படியில் நின்றுவிட, கண்டக்டர் கையைப் பிடித்துத் தூக்கி ஏற்றினார். பாடி பக்கம் ஒரு கம்பெனியில் வேலை முடித்து அதே பஸ்ஸில் வந்துகொண்டிருந்த மகன் உத்தமன் அதைப் பார்த்துவிட்டான்.

"போதும்மா. ஊட்ல குந்து. நான் சம்பாரிக்கிறேன் இல்ல?"

"ஊட்ல குந்திகினு இன்னாடா பண்றது? செவுத்துல பல்லிய எண்ணிகினு கீறதா?"

"எதிர்த்து எதிர்த்துப் பேசாத. மூணு மாசம் டைம். அதுக்குள்ள முட்டி சரியாவல, வேலைய வுட்டுடணும்."

சரி என்று சொல்லிவிட்டாள். ஆனால் வேலையை விட அவளுக்கு மனசே இல்லை. வீட்டில் பேச ஆள் இல்லை. பட்டறையில் பன்னிரண்டு பெண்கள், நாள் பூராவும் பேச்சு.

அடுத்த வாரமே பட்டறைக்கு ஞானகுமாரி வந்தாள். படிப்பு முடித்த கையோடு ஓர் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக் குறிப்பு எடுக்கும் வேலையில் சேர்ந்திருந்த பெண். அவள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் அவள்தான். முட்டிவலிக்கு மூலிகைத் தைலம் கேட்குமா என்று டாக்டர் சோதிக்கிறார், மூன்று மாதம் தடவ வேண்டும் என்றாள். பட்டறையில் பன்னிரண்டு பேருக்குமே முட்டிவலி உண்டு. ஆறு பேருக்குச் சிவப்பு மூடி பாட்டில், ஆறு பேருக்கு வெள்ளை மூடி.

"ஒண்ணுல நொச்சியும் முடக்கத்தானும் போட்டுக் காய்ச்சின தைலம். இன்னொண்ணு வெறும் நல்லெண்ணெய். எது எதுன்னு எனக்கே தெரியாதும்மா."

எல்லாரிடமும் ஒரு ஃபாரத்தில் கையெழுத்து வாங்கி, தரையில் உட்கார்ந்து எழுந்து பத்தடி நடக்க எத்தனை செகண்ட் ஆகிறது என்று குறித்துக்கொண்டாள். இனிமேல் தரையில் உட்கார வேண்டாம் என்று சொல்லி, மேஸ்திரி வேலுசாமியிடம் கேட்டுக் காலி மரப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட வைத்தாள். பெட்டிமேல் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணி, இறக்கச் சொல்லிக்கொடுத்தாள். போகப்போகக் காலில் அரைக் கிலோ மணல்பை கட்டிக்கொள்ளலாம் என்றாள். மணலுக்கு எங்கே போவது? பார்வதம் ஒரு துணிப்பையில் கெட்ட போல்ட்டுகளை அள்ளிப் போட்டாள். அரைக் கிலோ எவ்வளவு என்று அவள் கைக்குத் தெரியும்.

வெள்ளை மூடி பார்வதத்துக்கு. சிவப்பு மூடி அவள் பக்கத்துப் பெட்டிக்காரி செலினுக்கு. இரண்டாவது வாரம் திங்கட்கிழமை செலின் வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: "பார்வதக்கா, நேத்து பூசைல முழுசா முட்டி போட்டேன்க்கா. சாமியாரே திரும்பிப் பாத்தாரு."

வெள்ளை மூடிக்காரிகளின் முகம் சுருங்கியது. "அப்ப எங்களுக்கு வெறும் எண்ணெயா? தாளிக்கவா குடுத்தாங்க?" என்றாள் ஒருத்தி.

பார்வதத்துக்கு அது சரியாகப் படவில்லை. அந்தப் பட்டறையில் மத்தியானம் யாரும் தன் டப்பாவைத் தனியாகத் தின்றதில்லை. பன்னிரண்டு பேர் குழம்பும் பொரியலும் ஒரே தாம்பாளத்தில் கொட்டப்படும். கொண்டு வராதவளுக்கும் அதில் பங்கு உண்டு. பங்கு போடுவது எப்போதும் பார்வதத்தின் கை. அன்று சாப்பாடு முடிந்ததும் அவள் தூக்குவாளியைக் கழுவித் துடைத்து, பன்னிரண்டு பாட்டிலையும் அதில் கவிழ்த்தாள். கலக்கினாள். சொட்டு சிந்தாமல் திரும்ப ஊற்றினாள். ஞானகுமாரி வருத்தப்படக் கூடாதே என்று, அவரவர் மூடியை அவரவர் பாட்டிலுக்கே போட்டாள். அதற்குப் பிறகு மாதாமாதம் புது பாட்டில் வந்த நாளெல்லாம் இதே கதைதான்.

மூன்று மாதம் முடிந்து, கடைசிச் சோதனைக்கு ஞானகுமாரி வந்தாள். உத்தமன் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து வாசலில் நின்றான். தரையில் உட்கார்ந்து எழுந்து பத்தடி நடக்க வேண்டும். பார்வதம் ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். முதல் முயற்சியிலேயே எழுந்துவிட்டாள்.

"முன்ன இருபத்திரெண்டு செகண்டும்மா. இப்ப பன்னெண்டு!" ஞானகுமாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எல்லாருக்கும் பார்த்து முடித்துத் தாளைப் புரட்டியபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. "செகப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசமே இல்லையே?"

"எப்பிடி இருக்கும் கண்ணு? அல்லாத்துலயும் ஒரே எண்ணெதான்" என்று பெருமையாகத் தூக்குவாளிக் கதையைச் சொன்னாள் பார்வதம்.

ஞானகுமாரி பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். "மாத்திக்கக் கூடாதுன்னு ஃபாரத்துல இருந்ததும்மா. இங்கிலீஷ்ல இருந்தது. நான்தான் படிச்சுச் சொல்லல. மருந்தை யாரு பங்கு போடப்போறாங்கன்னு விட்டுட்டேன். இப்ப இது எதுவும் கணக்குல சேராது."

பார்வதம் வாசலில் நின்ற மகனைப் பார்த்தாள். "என் முட்டியுமா சேராது?"

உத்தமன் உள்ளே வந்தான். "அப்ப எதுல சரியாச்சு? தைலத்துலயா?"

"தெரியாதுங்க. தெனம் காலை நீட்டுனது, தரையில உக்காராதது, அதனாலதான்னு நான் நெனைக்கிறேன். ஆனா நெனைச்சதை எழுத முடியாது. வலி சுத்தமா போயிடுச்சுன்னும் சொல்ல மாட்டேன். இந்த வயசுல தேஞ்சது தேஞ்சதுதான். விடாம செஞ்சா தாங்கும்."

உத்தமன் தாடையைச் சொறிந்தான். "எதுன்னே தெரியலன்னா எப்பிடிம்மா நம்பறது?"

பார்வதம் திரும்பவும் தரையில் உட்கார்ந்தாள். எழுந்தாள். இன்னொரு தரம் உட்காரப் போனாள்.

"ஐயோ, போதும் வுடும்மா! உள்ளதும் போயிடப் போவுது" என்று உத்தமன் பாய்ந்து தோளைப் பிடித்தான். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"அப்ப வேல?" என்றாள் பார்வதம்.

"போ. யாரு வேணாம்னா?"

ஞானகுமாரி நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். டாக்டர் ஒரு மணி நேரம் திட்டிவிட்டு, பன்னிரண்டு தாளையும் தனியாக எடுத்து வைத்தார். அடுத்த பட்டறைக்குப் போகுமுன் ஃபாரத்தைத் தமிழில் எழுதும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது.

திங்கட்கிழமை பார்வதம் கம்பியைப் பிடித்துத் தானாகவே பஸ் ஏறினாள். தோள்பை குலுங்கிக் கலகலவென்றது.

"இன்னாம்மா பையில? நகையா?" என்றார் கண்டக்டர்.

"தேறாத போல்ட்டு நைனா. கால்ல கட்டிக்கறதுக்கு" என்று சொல்லிவிட்டு, எஸ்டேட்டுக்கு ஒரு சீட்டு கேட்டாள்.