நான்கு வரி வசனம்

அபுதாபியில் நான் ஹவுஸ் டிரைவராக இருந்த வீட்டில், மேடத்தின் அப்பா அயர்லாந்து நடிகர். நடிகர் என்றதும் கதாநாயகன் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிரியார், போலீஸ்காரர், சாராயக்கடை முதலாளி, கதாநாயகி வீட்டுக்குக் கடிதம் கொண்டுவரும் தபால்காரர் என்றே காலம் முழுக்க ஓட்டியவர். மாலில் வெள்ளைக்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்து நின்று யோசிப்பார்கள். பெயர் வராமல் சிரித்துவிட்டுப் போவார்கள். அவருக்கு அதுவே போதும்.

மனைவி இறந்தபின் மகளோடு வந்து தங்கியவருக்கு மறதி ஆரம்பித்திருந்தது. அப்போது பாலைவனத்தில் எடுக்கும் ஒரு படத்தில் சின்ன வேடம் வந்தது. நான்கே வரி. "இதுதான் கடைசி. இதை மட்டும் ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும்" என்றார் என்னிடம்.

தினமும் காரில் ஒத்திகை. எதிரே பேசுபவனின் வசனத்தை என் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் நான் படிப்பேன். ஒவ்வொரு வரியையும் தொடங்கும்போது அவர் திணறுவார். எனக்குப் பொறுமை கிடையாது. உடனே முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடுவேன். மிச்சம் கடகடவென்று வரும். எனக்குப் பெருமை வேறு.

படப்பிடிப்பு நாள். கூடாரத்துக்குள் "ஆக்‌ஷன்" என்றார்கள். எதிரே இருந்த இளம் நடிகர் பேசி முடித்தார். பெரியவர் அவரைப் பார்க்கவில்லை. விளக்குகளுக்குப் பின்னால் நின்ற என்னைத் தேடினார். வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்தில் நின்ற லைட்மேன், நம்ம தஞ்சாவூர்க்காரர், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாயத் தொறந்துடாதீங்கண்ணே. சவுண்டு ஓடுது."

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும். சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக் காட்டினேன். அவ்வளவு தூரம் அவர் கண்ணுக்கு எட்டவில்லை. முதல் வார்த்தை கொடுத்துக் கொடுத்தே அவரைக் கெடுத்தவன் நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

டைரக்டர் மரியாதையானவர்தான். வசனத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, இவரைச் சும்மா உட்காரச் சொன்னார். உட்கார்ந்திருப்பதையும் அவர் நன்றாகவே செய்தார்.

திரும்பும்போது காரில் பாதி வழி வந்திருப்போம். திடீரென்று நான்கு வரியையும் சொன்னார். யாரும் எடுத்துக் கொடுக்காமல், ஒரு சொல் பிசகாமல் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சரியாக வந்ததா?" என்றார்.

"நல்லா வந்துச்சு சார்."

"அப்பாடா. நாளைக்கு ஷூட்டிங்குக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?"

"ஏழு மணிக்கு சார்" என்றேன்.