படத்தில் இல்லாத தார்ப்பாய்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை, படம் எடுக்கும் ஆசையுள்ள ஆறு பேர் ஒரு வேனில் அரியலூரிலிருந்து பெரம்பலூர்ப் பக்கம் அறுவடை பார்க்கப் போனோம்.
2. குன்னம் தாண்டி, கிராமத்துச் சாலையில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்த ஒரு அக்காவைப் படம் எடுத்தோம். அனுமதி கேட்டது நான்.
3. சோளத்தின் ஓரம் சுருட்டி வைத்திருந்த நீலத் தார்ப்பாய் படத்தைக் கெடுத்தது. அதைத் தூக்கி எங்கள் வேனுக்குள் வைத்தோம். ஒரு முனையைப் பிடித்தது நான்.
4. படம் நன்றாக வந்தது.
5. தார்ப்பாயை இறக்காமல் கிளம்பிவிட்டோம்.
6. சாயங்காலம் மழை வந்தது.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இன்னொன்று இருக்கிறது. அதற்கு எண் போட மனம் வரவில்லை. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

நான் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சுண்ணாம்புக்கல் மாதிரிகளை அடுப்பில் காயவைத்து, எடை போட்டு, எவ்வளவு ஈரம் இருந்தது என்று எழுதுவது என் அன்றாட வேலையில் ஒரு பகுதி. எதையும் பட்டியல் போட்டுச் செய்கிற பழக்கம் அங்கே வந்தது. திருச்சியில் இருக்கும் புகைப்படக் குழுவில் சேர்ந்தபோது அந்தப் பழக்கமே என் பொறுப்பாகிவிட்டது. எங்கே நிற்பது, எங்கே சாப்பிடுவது, யாரிடம் அனுமதி கேட்பது எல்லாம் என்னிடம். இந்தப் பயணம் என் பக்கத்து ஊர்களில் என்பதால் கேட்கவே வேண்டாம்.

குழுவின் தலைவர் ஒரு பல் மருத்துவர். எல்லாருக்கும் அவர் டாக்டர் சார். முந்தைய ஆண்டு அவர் கிரீஸ் நாட்டுக் கடலோரக் கிராமங்களுக்கு இதே மாதிரி சின்னக் குழுவாகப் போய், ஆலிவ் அறுவடையைப் படம் எடுத்துவிட்டு வந்திருந்தார். மரத்தடியில் வலை விரித்து, காய்களை உதிர்த்துக்கொண்டிருக்கும் கிழவர்கள், பின்னால் நீலக் கடல். அந்தப் படங்களை நாங்கள் பலமுறை பார்த்தாயிற்று. எங்கள் பயணத்துக்கும் அதுதான் அளவுகோல்.

"இங்க கடல் இல்லையே சார்" என்றேன், திட்டம் போடும்போது.

"உங்க ஊர்ல மண்ணைத் தோண்டினா சங்கும் சிப்பியும் வருதுல்ல? ஒரு காலத்துல இதுவும் கடற்கரைதான். கொஞ்சம் லேட்டா வந்திருக்கோம், அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் சுரங்கத்தில் கல்லோடு கல்லாகக் கிடக்கும் சிப்பிகளைத் தினமும் பார்க்கிறவள் நான். அந்த வறண்ட நிலத்தை யாரோ ஒருவர் கிரீஸோடு சேர்த்துப் பேசியது பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலையே வண்டியை எடுத்துக்கொண்டு இடம் பார்க்கப் போனேன். புதிதாகப் போட்ட தார்ச்சாலையில் ஒரு பாதியை அடைத்து மக்காச்சோளம் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறாமலிருக்க ஓரமெல்லாம் கல்லும் கருவேல முள்ளும். ஒரு அக்கா சோளத்துக்குள் வெறுங்காலோடு நடந்து, காலை இழுத்து இழுத்துக் கிளறிக்கொண்டிருந்தார். அவர் போன வழியெல்லாம் மஞ்சளில் கோடு கோடாக விழுந்தது. அந்தக் கோடுகளைப் பார்த்ததும் படம் முடிவாகிவிட்டது. படம் எடுக்கலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"எதுக்கு படம்? அக்ரி ஆபீஸ்லேர்ந்தா?" என்றார்.

"இல்லக்கா, சும்மா ஆசைக்கு."

"ஆசைக்கா? அப்ப நாளைக்கு வா. பூ வெச்சுட்டு நிக்கிறேன்."

முள் ஓரமாக உட்கார்ந்து சோளத்தில் கிடந்த சக்கையைப் பொறுக்கிக்கொண்டிருந்த அவருடைய நாத்தனார் தலையைத் தூக்காமலே சொன்னார்: "பூ வெச்சுட்டு கிளறுனா சீக்கிரம் காஞ்சிருமா?"

அக்கா சிரித்தார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார். மூன்று ஏக்கர் குத்தகை. கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. அவர் ஊரில் இருந்தவரை குத்தகை அவர் பெயரில் இருந்தது. "இந்த வருசம்தான் எம் பேர்ல. பொம்பளையால ஆவுமான்னு நெலத்துக்காரரு யோசிச்சாரு. ஒரு வருசம் பாப்பம்னுதான் வுட்டுருக்காரு. இது நல்லபடியா காஞ்சு வூடு வந்துட்டா, அடுத்த வருசமும் எனக்குத்தான்."

படங்களை அனுப்புவதற்காக அவருடைய எண்ணை வாங்கிக்கொண்டேன். என் எண்ணைக் கொடுக்கத் தோன்றவில்லை. அவருக்கு அது எதற்குத் தேவைப்படப்போகிறது என்று நினைத்திருப்பேன்.

மறுநாள் அவர் சொன்னபடியே கனகாம்பரம் வைத்திருந்தார். டாக்டர் சார் சாலையில் குப்புறப் படுத்து கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"அந்த நீலம் இருக்கே, அதை எடுக்கணும். மஞ்சளுக்குப் பக்கத்துல நீலம் இருந்தா கண்ணு நேரா அங்கதான் போகும். கிரீஸ்ல ஒரு பெரியவர்கிட்ட பிளாஸ்டிக் கூடையை நகர்த்தச் சொன்னோம். அவரே சந்தோஷமா நகர்த்தினார்."

தார்ப்பாய் சோளத்தின் நீளத்துக்குச் சுருட்டி, மேலே கல் வைத்துக் கிடந்தது. வானம் இருட்டினால் இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து ஒரே இழுப்பில் மூடிவிடலாம். அதற்காகத்தான் அது அங்கே இருந்தது. குழுவில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒரு முனையைப் பிடித்தார், மறுமுனை நான். சுற்றிலும் திறந்தவெளி. எங்கே போட்டாலும் யாராவது ஒருவருடைய படத்தில் விழுந்தது. கடைசியில் மடித்து வேனின் பின்பக்கம் வைத்தோம்.

"அத எங்க கொண்டு போற?" என்றார் அக்கா.

"படம் முடிஞ்சதும் எடுத்த எடத்துலயே வெச்சுர்றேங்கா."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. காலை இழுத்து நடந்தார். வெயில் சாய்வாக விழுந்தது. மஞ்சள் கோடுகள், அவர் பாதம், தலையில் கனகாம்பரம், பின்னால் காலியான சாலை. நாத்தனார் ஏதோ சொல்ல, அக்கா வாய்விட்டுச் சிரித்த நொடியில் அழுத்தினேன். அதுவரை நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம்.

அவர்கள் இருவரும் சாப்பிட வீட்டுக்குப் போனார்கள். நாங்கள் இன்னும் கொஞ்சம் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தோம். எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் வந்து, எங்கள் வேன் வழியை மறிக்கிறது என்று ஹாரன் அடித்தது. அவசரமாக ஏறினோம். வேன் நகர நகர நான் என் பட்டியலைப் படித்தேன். முக்காலி, லென்ஸ் மூடி, பேட்டரி, தண்ணீர், தொப்பி. ஒவ்வொன்றுக்கும் யாராவது "இருக்கு" என்றார்கள். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. எங்கள் பொருள் எதுவும் அங்கே விடுபடவில்லை என்பதைத்தான் அந்தப் பட்டியல் பார்த்தது. அவர்கள் பொருள் எங்களோடு வருகிறதா என்று பார்க்க அதில் வரி இல்லை.

மாலையில் அரும்பாவூர்ப் பக்கம் இருந்தோம். பச்சைமலை அடிவாரத்தில் நெல் அறுவடை. மலைக்கு மேல் மேகம் திரண்டபோது டாக்டர் சார் கைதட்டினார். "வந்துட்டாரு பாரு! இதுக்குத்தான் காலையிலேர்ந்து காத்திருந்தேன்." எனக்கும் அதே சந்தோஷம்தான். தை மாதத்தில் மழை மேகம் யாருக்குக் கிடைக்கும்? தூறல் விழ, கேமராக்களை மூடும் உறைகளை எடுக்க ஓடிப்போய் வேனின் பின்கதவைத் திறந்தேன்.

நீலமாக இருந்தது.

எண் போடாமல் விட்டது இதைத்தான். தார்ப்பாயைப் பார்த்தேன். அது என்ன, யாருடையது, இப்போது எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த நொடியே புரிந்துவிட்டது. உறைகளை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். திரும்பினால், மேகத்துக்கும் மலைக்கும் நடுவில் ஒரு பிளவு விட்டு, வெயில் நெல்லின் மேல் மட்டும் விழுந்திருந்தது. இப்படி ஒரு வெளிச்சம் நிலைக்காது என்று தெரியும். இங்கே பெய்கிற மழை அங்கேயும் பெய்துகொண்டுதான் இருக்கும், இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளிச்சம் போகும்வரை எடுத்தேன். அதன் பிறகுதான் போனை எடுத்தேன்.

"யாரு?"

"அக்கா, காலையில படம் எடுத்தோம்ல…"

"ஏ பாப்பா! தார்ப்பாய எங்க வெச்சீங்க? ரோடு பூரா தேடிட்டோம்."

"அக்கா, எங்க வேன்லயே வந்துருச்சுக்கா. அரும்பாவூர்ல இருக்கோம்."

பின்னாலிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது. "என்னாவாம்? எங்கயாம்?"

"அரும்பாவூர்லயாம்."

"ஏன், அரும்பாவூர்லயா சோளம் காயுது?"

"சரி, வெய்யி பாப்பா. கையில வேல கெடக்கு" என்று அக்கா வைத்துவிட்டார்.

உடனே வேனைத் திருப்பினோம். வழியில் டாக்டர் சார், "ஏதாவது குடுத்துரலாம்" என்றார்.

நாங்கள் போனபோது மழை விட்டிருந்தது. சோளத்தைக் கூட்டிக் குவித்து, கிடைத்ததையெல்லாம் மேலே போட்டிருந்தார்கள். பழைய சேலைகள், உரச்சாக்குகள், யாருடைய கல்யாணத்துக்கோ அடித்த ஃபிளெக்ஸ். மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, பெண் இருவர் முகத்திலும் தண்ணீர் தேங்கி நின்றது. குவியலுக்கு அடியில் ஓடிய மழைநீர் சோளத்தை இழுத்துக்கொண்டுபோய்ப் பள்ளத்தில் சேர்த்திருந்தது. நான் அவசரமாகத் தார்ப்பாயை இறக்கிக் குவியலின் மேல் இழுக்கப் போனேன்.

"ஈரத்த மூடி என்னா செய்யப்போற?" என்றார் நாத்தனார். "உள்ளயே அவிஞ்சு போவும். எடு அந்தாண்ட. ஆறு பேரு, ஆறு கேமரா. ஒருத்தர் கண்ணுலயும் படல பாரு இது."

அவர் சொல்லித்தான் உறைத்தது. ஈரத்தைப் பற்றிச் சம்பளம் வாங்கிக்கொண்டு யோசிக்கிறவள் நான். டாக்டர் சார் பர்ஸை எடுத்தார். "உள்ள வைங்க சார்" என்றார் அக்கா, அவரைப் பார்க்காமலே. பிறகு என்னிடம் கேட்டார்.

"படம் நல்லா வந்துச்சா?"

குத்தலாகக் கேட்டாரா, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"வந்துச்சுக்கா."

"நீ போன் பண்ணப்பதான் மொத சொட்டு உழுந்துச்சு. இன்னுஞ் சித்த முன்னாடி தெரிஞ்சிருந்தா பக்கத்து வூட்டுத் தார்ப்பாயாச்சும் வாங்கியாந்திருப்பேன். இங்கனதான் எங்கயாச்சும் வெச்சிருப்பீங்கன்னு தேடியே நேரம் போச்சு."

நான் தலையாட்டினேன். அரும்பாவூரில் எடுத்த மேகப் படங்கள் தோளில் தொங்கிய கேமராவுக்குள் இருந்தன.

அடுத்த சில நாள் வெயில் சரியாக அடிக்கவில்லை. நான் ஆலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் போய், காலை இழுத்துச் சோளம் கிளறினேன். அந்த நடையே எனக்கு வரவில்லை. கோடு நேராக விழவில்லை என்று நாத்தனார் சிரித்தார். பாதிக்கு மேல் பூசணம் பிடித்துவிட்டது. வியாபாரி கையை விட்டு அள்ளி முகர்ந்து பார்த்து, மேலாக இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டார். மற்றது மாட்டுத் தீவனத்துக்குப் போனது.

நிலத்துக்காரரிடம் நானே போய் நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். தப்பு எங்களுடையது என்று தெரிந்தால் குத்தகை நிலைக்கும் என்று நம்பினேன்.

"என்னான்னு சொல்லுவ?" என்றார் அக்கா. "படம் எடுக்க வந்தவங்க தார்ப்பாய கொண்டுட்டுப் போயிட்டாங்கன்னா? அவ என்னா பண்ணிட்டிருந்தான்னு கேப்பாரு. பூ வெச்சுட்டு நின்னான்னு சொல்லுவியா? ஊர்ல எல்லாருக்கும் மழ பேஞ்சுது, எனக்கும் பேஞ்சுது. அப்புடியே இருக்கட்டும். நீ எதயும் சொல்லாத."

ஒத்துக்கொண்டால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். ஒத்துக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று. உண்மையைச் சொன்னால் அவருக்குத்தான் கெடுதல்.

அந்தப் படத்தைக் காட்டச் சொன்னார். போனில் காட்டினேன். விரலால் பெரிதாக்கி, தன் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார். "இத யாருக்கும் காட்டாத பாப்பா."

திருச்சியில் குழு நடத்தும் கண்காட்சிக்கு அந்தப் படத்தைத்தான் நடுச்சுவரில் மாட்டுவதாக முடிவு செய்திருந்தார்கள். வேண்டாம் என்று டாக்டர் சாரிடம் சொன்னேன்.

"உனக்கு ஏன்மா இவ்வளவு? அது விபத்து. அந்தம்மாவே ஒண்ணும் சொல்லலியே."

"சொன்னாங்க சார். காட்டாதேன்னாங்க."

அந்த இடத்தில் அவருடைய ஆலிவ் மரப் படம் ஒன்று தொங்கியது. அதையும் போய்ப் பார்த்தேன். வலை, கிழவர், கடல். ஓரத்தில் இருந்து எதை நகர்த்தினார்கள், பிறகு அதை எடுத்த இடத்தில் வைத்தார்களா என்று தேடிக்கொண்டு நின்றேன். படத்தில் அது தெரியாது.

இப்போது நிலவரம் இது. குத்தகையில் மேட்டு நிலம் இரண்டு ஏக்கர் வேறொருவருக்குப் போய்விட்டது. பள்ளத்து ஒரு ஏக்கர் மட்டும் அக்கா பெயரில் இருக்கிறது, அதுவும் இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்ற பேச்சில். என் எண்ணை அவருக்குக் கொடுத்திருக்கிறேன், இதுவரை அழைத்ததில்லை. படம் என்னிடம் இருக்கிறது, யாருக்கும் காட்டவில்லை, அழிக்கவும் இல்லை. தார்ப்பாயைப் பார்த்த பிறகும் போன் செய்யாமல் மேகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.